திரைக்குப் பின்னால் ஒரு கன்செர்டினோ

ஜெர்மனியில் ஏதோ ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் டிராம்போன் வாசித்துவந்தவர் ஓய்வு பெறுகிறார், அவருடைய நாற்காலி காலியாகிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் வரும். விண்ணப்பங்கள் குவியும். தேர்வு நாளன்று இளைஞர்கள் கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறி வந்து சேர்வார்கள். முதல் சுற்றில் என்ன வாசிக்கச் சொல்வார்கள் என்ற சந்தேகம் பெரும்பாலும் யாருக்கும் இருக்காது. பெர்டினாண்ட் டாவிட் என்பவர் 1837-ல் எழுதிய கன்செர்டினோவின் முதல் பகுதிதான் அது. அவர்களுக்கு முந்தைய தலைமுறை வாசித்ததும் அதைத்தான்.

அறையில் ஒரு பியானோ இருக்கும். ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க வேண்டிய முன்னுரையைப் பியானோக்காரர் முழுதாக வாசிக்க மாட்டார்; நேரம் கிடையாது. கடைசிச் சில தாள அளவுகளை மட்டும் தட்டுவார். அதற்குள் விண்ணப்பதாரர் மூச்சை இழுத்து நிறுத்தி, கருவியை உதட்டில் வைத்திருக்க வேண்டும். பல இடங்களில் நடுவே திரை தொங்கும். வாசிப்பவர் ஆணா பெண்ணா, யாருடைய மாணவர் என்பதெல்லாம் கேட்பவர்களுக்குத் தெரியக் கூடாது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் ஆர்க்கெஸ்ட்ராவின் கலைஞர்களே, வாக்களிக்கப்போகிறவர்களும் அவர்கள்தான். இரண்டு மூன்று நிமிடம் கழித்து "நன்றி" என்று ஒரு குரல் வரும். பெரும்பாலானோருக்கு அன்றைய தினம் அதோடு முடிந்துவிடும்.

இப்படி ஒரு படைப்பு ஓர் இசைக்கருவியின் நுழைவாயிலாக நின்றுவிட்டது. டிராம்போன் பயிலும் மாணவர் அதன் முதல் பகுதியை மனப்பாடமாக வைத்திருப்பார். அதே படைப்பை டிக்கெட் வாங்கி அரங்கில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டிருக்கிறாரா என்றால், பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார். டிராம்போனுக்கென்று எழுதப்பட்ட தனிவாசிப்பு இசையில் டாவிட்டின் கன்செர்டினோ பிடித்திருக்கும் இடம் இந்த முரணில்தான் இருக்கிறது.

கன்செர்டோ என்றால் ஒரு தனி வாத்தியம் முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு சில இடங்களில் இணைந்தும் சில இடங்களில் எதிர்நின்றும் வாசிக்கும் பெரிய படைப்பு. கன்செர்டினோ அதன் கையடக்க வடிவம். வயலினுக்கும் பியானோவுக்கும் கன்செர்டோக்கள் மலைபோல் கிடக்கின்றன. பீத்தோவன், பிராம்ஸ், சைகோவ்ஸ்கி என்று வரிசையாகப் பெரிய கைகளெல்லாம் எழுதிவைத்திருக்கின்றன. டிராம்போனுக்கு இந்த மூவரும் ஒரு கன்செர்டோகூட எழுதவில்லை. மொட்சார்ட்டும் எழுதவில்லை. அவர் 1791-ல் எழுதிய 'ரெக்வியம்' என்னும் இரங்கல் வழிபாட்டு இசையில், இறுதித் தீர்ப்பு நாளின் எக்காளத்தைப் பற்றிப் பாடும் இடத்தில் ஒரு டிராம்போன் தனியாக எழுந்து வாசிக்கும். சில வரிகள்தான். டிராம்போன்காரர்கள் இன்றுவரை அந்தச் சில வரிகளைப் பொக்கிஷமாக வைத்துப் பயில்கிறார்கள். ஆடிஷன் எனப்படும் இந்த ஆளெடுப்புத் தேர்வில் அதுவும் கேட்கப்படும்.

நம்மூரில் போலீஸ் பேண்டு அணிவகுப்பைப் பார்த்தவர்களுக்கு டிராம்போன் புதிதல்ல. நீளமான பித்தளைக் குழாயை முன்னும் பின்னும் இழுத்தபடி நடந்து வருவார்களே, அதுதான். ட்ரம்பெட்டில் அழுத்துவதற்குப் பொத்தான்கள் உண்டு. சாதாரண டிராம்போனில் அதெல்லாம் கிடையாது. ஸ்லைடு எனப்படும் இழுகுழாய் மட்டும்தான். அதை இழுக்க இழுக்கக் குழாயின் நீளம் கூடும், சுருதி இறங்கும். ஸ்லைடுக்கு ஏழு நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் சுருதி அரைஸ்வரம் குறையும். முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் இடையே சுமார் எட்டு சென்டிமீட்டர். ஆறுக்கும் ஏழுக்கும் இடையே பதினொன்றை நெருங்கும். அதாவது இடைவெளிகள்கூடச் சமம் இல்லை, போகப் போக அகன்றுகொண்டே போகும். குழாயின் மேல் கோடோ புள்ளியோ எதுவும் கிடையாது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும், காது அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைவிடச் சிக்கலான விஷயம் ஒன்று உண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஸ்லைடு நகரும்போது மூச்சு ஓடிக்கொண்டே இருந்தால் நடுவிலுள்ள எல்லாச் சுருதிகளும் வழிந்து கேட்கும். கோமாளி வரும் காட்சிக்கு அது பொருந்தும். பாடுவதுபோல் ஒரு மெட்டை வாசிக்கும்போது பொருந்தாது. எனவே ஸ்லைடு நகரும் அந்தக் கணத்தில் நாக்கு மூச்சை மிக மென்மையாகத் தொட்டு வெட்ட வேண்டும். வெட்டியது கேட்பவருக்குத் தெரியக் கூடாது. நாக்கு கால் கணம் முந்தினாலும் பிந்தினாலும் வழுக்கல் கேட்டுவிடும். நல்ல டிராம்போன்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வேறுபாடு பாதி இந்த இடத்தில் வெளிப்பட்டுவிடும்.

ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவில் இந்தத் திறமையெல்லாம் காட்ட வாய்ப்பு எத்தனை முறை வரும்? 1808-ல் அரங்கேறிய பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் டிராம்போன்கள் கடைசிப் பகுதியில்தான் வாயைத் திறக்கும். பிராம்ஸின் முதல் சிம்பொனியிலும் நான்காம் பகுதிவரை அவர்கள் மேடையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த வேலையின் பெரும்பங்கு காத்திருப்பு. அளவுகளை எண்ணிக்கொண்டே இருந்து, அரை மணி நேரம் ஆறிப்போன உதட்டோடு, மென்மையான ஒரு தேவாலய மெட்டைச் சுருதி பிசகாமல் தொடங்குவது. இப்படிப்பட்ட வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதலில் கேட்பது ஆர்ப்பாட்டமான ஒரு தனிவாசிப்பை. முறையான வேடிக்கைதான்.

சரி, இந்த டாவிட் யார்?

அவர் டிராம்போன் வாசித்தவரே அல்ல, வயலின்காரர். 1810-ல் ஹாம்பர்க்கில் பிறந்தார். அதே வீட்டில் ஓராண்டு முன்பு பிறந்திருந்தவர் இசையமைப்பாளர் பெலிக்ஸ் மெண்டல்சோன். இந்தத் தற்செயலைச் சொல்லாத இசை நூலே இல்லை எனலாம். மெண்டல்சோன் 1835-ல் லைப்சிக் நகரின் கெவாண்ட்ஹவுஸ் ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தலைமை ஏற்றபோது வயது இருபத்தாறு. மறு ஆண்டே டாவிட்டை முதல் வயலினில் உட்கார வைத்தார். லைப்சிக் அன்றைக்கு வணிகர்களும் பதிப்பாளர்களும் நிறைந்த ஊர். துணி வணிகர்களின் கட்டடத்துக்குள் 1781-ல் திறக்கப்பட்ட ஒரு மண்டபத்தில்தான் கச்சேரிகள் நடந்தன.

அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் வயோலா வாசித்துக்கொண்டிருந்தார் கார்ல் டிராகாட் க்வைசர். கெவாண்ட்ஹவுஸ் நால்வர் குழுவிலும் வயோலா அவர்தான். ஆனால் ஊரெல்லாம் அவரைக் கொண்டாடியது டிராம்போனுக்காக. ஒரே ஆள் பல வாத்தியங்களில் தேர்ந்திருப்பது அக்கால ஜெர்மன் நகரங்களில் வழக்கம்தான். நகராட்சி வாத்தியக்காரர்கள் பரம்பரையில் அப்படித்தான் பயிற்சி. க்வைசரின் தரம் அந்த வழக்கத்தையெல்லாம் தாண்டியது. பாராட்டுவதில் சிக்கனக்காரரல்ல என்றாலும் பொய்யாகப் புகழாத இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான், அவரை டிராம்போன் தெய்வம் என்று எழுதினார்.

தெய்வத்துக்கு வாசிக்க இசை வேண்டாமா? மெண்டல்சோனிடம் ஒரு கன்செர்டோ கேட்டார் க்வைசர் என்றும், எழுதித்தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட மெண்டல்சோன் நேரம் வாய்க்காமல் டாவிட்டைக் கைகாட்டினார் என்றும் டிராம்போன் உலகில் வழிவழியாக ஒரு கதை உண்டு. எழுதியது டாவிட் என்பதும், க்வைசருக்குக் காணிக்கையாக்கினார் என்பதும் உறுதி. 1837 டிசம்பர் 14 அன்று கெவாண்ட்ஹவுஸில் அரங்கேற்றம், கண்டக்டர் மெண்டல்சோன். படைத்தவருக்கு இருபத்தேழு வயது, கோலைப் பிடித்தவருக்கு இருபத்தெட்டு, வாசித்தவருக்கு முப்பத்தேழு.

மெண்டல்சோன் அன்று தானே எழுதியிருந்தால் என்று பெருமூச்சு விடாத டிராம்போன்காரர் இருக்க மாட்டார். அடுத்த ஆண்டே டாவிட்டுக்கு எழுதிய கடிதத்தில், ஈ மைனரில் ஒரு வயலின் கன்செர்டோ தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவர் சொன்னார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1845 மார்ச்சில், அதை முதன்முதலில் வாசித்தவர் டாவிட். உலகில் வயலின் பயிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கன்செர்டோ அது. வயலினுக்கு மெண்டல்சோன் கிடைத்தார். டிராம்போனுக்கு மெண்டல்சோனின் நண்பர் கிடைத்தார். நட்டக்கணக்கு எழுத வேண்டுமென்றால் இங்கேதான் தொடங்க வேண்டும். ஆனால் ஒன்று: டாவிட் வயலினுக்காக எழுதிய கன்செர்டோக்களை இன்று யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவர் பெயரைத் தினந்தோறும் உச்சரிப்பது, அவர் வாசிக்கவே தெரியாத ஒரு வாத்தியத்தின் பிள்ளைகள்தான்.

கன்செர்டினோ ஈ ஃப்ளாட் மேஜரில் அமைந்தது. பதினாறு, பதினேழு நிமிடம் ஓடும். மூன்று பகுதிகள், நடுவில் நிறுத்தமில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று செல்லும். முதல் பகுதி கம்பீரமாகத் தொடங்குகிறது. ஆர்க்கெஸ்ட்ரா மேடை அமைத்துக் கொடுக்க, டிராம்போன் நிமிர்ந்த நெஞ்சோடு உள்ளே வருகிறது. சற்று நேரத்தில் தோள் தளர்ந்து இரண்டாவது மெட்டு; இதில் டாவிட் வயலின்காரராகவும் பாட்டு ரசிகராகவும் தெரிகிறார். வெபரின் ஆபரா மெட்டுகளின் சாயல் நன்றாகவே உண்டு. பிறகு வேக ஓட்டங்கள், மேல்ஸ்தாயியில் நடுங்கும் ட்ரில்கள். அந்தக் காலத்தில் டிராம்போன் என்றால் தேவாலயத்தில் பாடகர் குரலோடு ஒட்டி வாசிப்பது, ஆபராவில் பேயோ தெய்வமோ வரும்போது முழங்குவது என்று இருந்தது. க்வைசர் ட்ரில் எடுத்தபோது லைப்சிக் வணிகர்கள் நாற்காலி நுனிக்கு வந்திருப்பார்கள்.

இந்த ட்ரில் எப்படி வருகிறது என்பது தனிச் சுவை. அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களுக்கு இடையே படபடவென்று மாறிமாறித் தாவ வேண்டும். ஸ்லைடைப் படபடவென்று ஆட்டித் தாவ முடியாது. எனவே ஸ்லைடை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு உதட்டாலேயே தாவுகிறார்கள். எந்தக் குழாயிலும் ஒரே நீளத்தில் பல சுருதிகள் அடுக்கடுக்காகக் கிடைக்கும். கீழே அந்த அடுக்குகள் வெகு தூரத்தில் இருக்கும், மேலே போகப் போக நெருங்கிவரும். மேல்ஸ்தாயியில் பக்கத்துப் பக்கத்து அடுக்குகளுக்கு இடையே ஒரு முழுஸ்வர இடைவெளிதான். அங்கே உதட்டை இறுக்கித் தளர்த்தினாலே போதும், ட்ரில் பிறந்துவிடும். போதும் என்று எழுதுவது எளிது. மாணவர்களுக்கு இது மாதக்கணக்கில் பிடிபடாது.

கருவியும் அப்போதுதான் மாறிக்கொண்டிருந்தது. லைப்சிக்கில் கிறிஸ்டியன் பிரீட்ரிக் சாட்லர் என்ற கருவி செய்பவர் பழைய ஒடுங்கிய டிராம்போனை அகலமாக்கி, அதே நீளத்தில் கனத்த குரல் வரும்படி செய்தார். கன்செர்டினோ அரங்கேறி இரண்டு ஆண்டுக்குள், 1839-ல், கட்டைவிரலால் இயக்கும் ஒரு வால்வையும் அதில் பொருத்தினார். கீழ்ஸ்தாயி ஸ்வரங்களுக்குக் கையை முழுதாக நீட்ட வேண்டிய அவதி குறைந்தது. இன்றைய ஆர்க்கெஸ்ட்ரா டிராம்போன் பெரும்பாலும் அந்த வழி வந்ததே. டாவிட் தன் படைப்பைப் பாஸ் டிராம்போனுக்கு என்றே குறித்தார். அவர் காலத்துப் பாஸ் டிராம்போன் இந்த அகலமான கருவிதான்; இன்று அதை வாசிப்பவர்கள் டெனர் டிராம்போன்காரர்கள். பாஸ் டிராம்போன்காரர்களுக்கு ஜெர்மன் ஆடிஷனில் எர்ன்ஸ்ட் சாக்ஸெ என்பவரின் கன்செர்டினோ காத்திருக்கும்.

இரண்டாம் பகுதி ஒரு சவ ஊர்வல நடை, சி மைனரில். ஈ ஃப்ளாட் மேஜர் படைப்பின் நடுவே சி மைனரில் சவ நடை என்றதும் பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனி நினைவுக்கு வராமல் போகாது. லைப்சிக் ரசிகர்களுக்கும் வந்திருக்கும். டிராம்போனின் பழைய தொழிலே சாவுக்கு வாசிப்பதுதான். 1812-ல் பீத்தோவன் லின்ஸ் நகரில் நான்கு டிராம்போன்களுக்கு எழுதிய சிறு துண்டுகள் 1827-ல் அவருடைய இறுதிச் சடங்கிலேயே ஒலித்தன. டாவிட் தன் சவ நடையை வயலினுக்கும் மாற்றி எழுதினார். 1873-ல் ஸ்விட்சர்லாந்து மலைப்பகுதியில் அவர் இறந்தபின் அவருடைய சடங்கிலும் அது வாசிக்கப்பட்டது. மூன்றாம் பகுதி புதிய செய்தி எதையும் கொண்டுவருவதில்லை. முதல் பகுதியின் மெட்டுகள் திரும்பி வந்து, வேகம் கூடி, கைத்தட்டலை நோக்கி ஓடுகின்றன.

இது பெரிய படைப்பா என்று யாராவது நேருக்கு நேர் கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். நேர்த்தியானது, வாத்தியத்தின் இயல்பு அறிந்தது, சவ நடையில் உண்மையான சோகம் உண்டு. ஆனால் மூன்றாம் பகுதியைக் கேட்கும்போது டாவிட்டுக்குச் சொல்ல வேண்டியது தீர்ந்துவிட்டது என்பது தெரிகிறது. பக்கத்து அறையில் கிளாரினெட் ஆடிஷன் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கேட்கப்படுவது மொட்சார்ட் 1791-ல் எழுதிய கிளாரினெட் கன்செர்டோ. அந்தக் கருவிக்கான தேர்வுப் பாடமும் சிகரமும் ஒன்றே. டிராம்போனில் அப்படி அமையவில்லை.

பிறகு ஏன் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? காரணம் நடைமுறை சார்ந்தது. முதல் இரண்டு நிமிடத்துக்குள் தாக்கி எடுக்கும் தொடக்கம், வெட்டு தெரியாத தொடர்வாசிப்பு, கூர்மையான தாளம், மேலும் கீழுமான தாவல், ட்ரில் என்று கேட்க வேண்டியது எல்லாம் வந்துவிடுகிறது. ஒளிந்துகொள்ள இடமில்லாத இசை இது. சிக்கலான இசையில் ஒரு பிசகு பிசகென்றே தெரியாமல் போகலாம், ஈ ஃப்ளாட் மேஜரின் தெளிந்த வெளிச்சத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். பியானோக்காரருக்கும் சுமையில்லை. எல்லோரும் ஒன்றையே வாசிப்பதால் நாற்பது பேரை ஒப்பிடுவது எளிது. ஒப்பீட்டின் அளவுகோலாகிவிட்ட எதையும் மாற்றுவது கடினம் என்பது தேர்வுத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அதே காரணம்தான் அதைக் கச்சேரி மேடையிலிருந்து விரட்டிவிட்டது. ஆயிரம் தடவை பயத்தோடு வாசித்த ஒன்றைப் பிறகு விருப்பத்தோடு எடுக்கப் பலருக்கும் மனம் வருவதில்லை. முதல் பகுதியின் தொடக்கத்தைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும் என்கிற கதை அந்தத் தொழிலில் சகஜம்.

தேர்வுக்கும் டிராம்போனுக்கும் உள்ள உறவு ஜெர்மனியோடு முடியவில்லை. பாரிஸ் கன்சர்வத்வார் என்னும் இசைக் கல்லூரியில் ஆண்டிறுதிப் பரிசுத் தேர்வுக்கென்று இசையமைப்பாளர்களிடம் புதிய துண்டு எழுதி வாங்கும் வழக்கம் இருந்தது. ஆர்கன் கலைஞர் அலெக்சாந்தர் கில்மான் 1902-ல் எழுதிய படைப்பும், பிற்காலத்தில் ஆன்றி துத்தியே 1950-ல் எழுதியதும் அப்படி வந்தவை. இரண்டும் உலகெங்கும் மாணவர் கையில் இருக்கின்றன. ஸ்விஸ் இசையமைப்பாளர் ஃபிராங்க் மார்தான் 1940-ல் ஜெனீவா இசைப் போட்டிக்கென்று எழுதிய 'பல்லாது' டிராம்போன் இசையின் உச்சங்களில் ஒன்று. மன்னர்களும் சீமான்களும் வயலினுக்குப் படியளந்தார்கள் என்றால், டிராம்போனுக்குப் படியளந்தது தேர்வுக் குழுக்கள். ஜெர்மானியர்கள் ஒன்றையே வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுக்கொன்று கேட்டு வாங்கினார்கள். எந்த முறை நல்லது என்றால், இசைக்குப் பிரெஞ்சு முறை என்றே தோன்றுகிறது.

தேர்வோடு தொடர்பில்லாத படைப்புகளும் உண்டு, அவற்றில் சில டாவிட்டுக்கு முந்தியவை. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆஸ்திரியாவில் சிறிய ஆல்டோ டிராம்போனுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. வியன்னாவில் கேயார்க் கிறிஸ்டாஃப் வாகன்சைல் ஒரு கன்செர்டோ எழுதினார். பிற்காலத்தில் பீத்தோவனுக்கு ஆசிரியராக இருந்த ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் 1769-ல் ஒன்று எழுதினார். மொட்சார்ட்டின் தந்தை லெயோபோல்ட் எழுதிய ஒரு செரினேடில் டிராம்போனுக்கென்றே சில பகுதிகள் உண்டு. நல்ல டிராம்போன்காரர் கிடைக்காவிட்டால் வயோலாவில் வாசித்துக்கொள்ளலாம் என்று அவர் அனுமதியும் தந்தார். அதற்குப் பின் அந்த மரபு அறுந்துபோனது. டாவிட் 1837-ல் தொடங்கியது கிட்டத்தட்டப் புதுக்கணக்கு.

ரஷ்யாவில் நிகோலாய் ரிம்ஸ்கி-கோர்சகோவ் 1877-ல் ஒரு கன்செர்டோ எழுதினார். அவர் அப்போது கடற்படை பேண்டுகளின் மேற்பார்வையாளர். துணைக்கு ஆர்க்கெஸ்ட்ரா இல்லை, ராணுவ பேண்டுதான். மறு ஆண்டு குரோன்ஷ்டாட் கடற்படைத் தளத்தில் அது ஒலித்தது. பத்து நிமிடம் ஓடும், கேட்க இனிமையானது. மாணவர்கள் கைக்கு எட்டுவதால் பள்ளிகளில் மிகப் பிரபலம். ஆர்க்கெஸ்ட்ராவைக் கையாள்வதில் ரஷ்யாவின் மந்திரவாதி என்று பெயரெடுத்தவரின் பட்டியலில் இது ஒரு ஓரக்குறிப்பு.

டாவிட்டின் ஆசனத்துக்கு உண்மையான போட்டியாளர் டென்மார்க்கிலிருந்து வந்தார். கோபன்ஹேகனின் கசீனோ நாடக அரங்கில் சிறுவயதிலேயே வயலின் வாசித்த லௌனி க்ரண்டால், அங்கே இருந்த டிராம்போன்காரர்களின் வாசிப்பில் மயங்கியவர். 1924-ல் இத்தாலியில் தங்கியிருந்தபோது டிராம்போன் கன்செர்டோவை எழுதினார். டாவிட்டிடம் இருக்கும் பகட்டு இதில் குறைவு, நிறம் அதிகம். இரண்டாம் பகுதி ஒரு பழங்கதை சொல்வதுபோல் மூடுபனிக்குள் நகரும். இன்று கச்சேரிகளிலும் போட்டிகளிலும் அடிக்கடி கேட்கும் கன்செர்டோக்களில் இதுவும் ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர்கள் பலர் க்ரண்டாலுக்கே வாக்களிப்பார்கள். அந்தத் தீர்ப்பில் தவறில்லை. 1950-களில் கதவு அகலமாகத் திறந்தது. லார்ஸ்-எரிக் லார்சன், ஆன்றி தொமாசி, கார்டன் ஜேகப் என்று நாலாபுறமிருந்தும் கன்செர்டோக்கள் வந்தன. 1966-ல் இத்தாலியர் லூச்சானோ பெரியோ துணை வாத்தியமே இல்லாமல், சிறுவயதில் தன் ஊரில் வாழ்ந்த குரோக் என்ற புகழ்பெற்ற சர்க்கஸ் கோமாளியின் நினைவில் ஒன்று எழுதினார், வாசிப்பவர் நடுவில் நின்று "ஏன்?" என்று கேட்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் டிராம்போன் வாசித்து மட்டுமே ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கலாம் என்று துணிந்தவர்கள் வெகு சிலரே. அப்படித் துணிந்து, ஆர்க்கெஸ்ட்ரா நாற்காலியில் ஓராண்டு இருந்துவிட்டு எழுந்து போனவர் சுவீடனின் கிறிஸ்டியன் லிண்ட்பெர்க். 1958-ல் பிறந்த அவர் இல்லாத இசையை எழுதவைத்தார். அவருக்கென்று எழுதப்பட்ட படைப்புகள் முந்நூறுக்கும் மேல் என்கிறார்கள். அவற்றில் யான் சாண்ட்ஸ்ட்ரோம் எழுதிய 'மோட்டார்பைக் கன்செர்டோ' வண்டியின் உறுமலையே ஸ்லைடில் கொண்டுவரும். தோல் ஜாக்கெட்டில் மேடையேறி அதை வாசிப்பார் லிண்ட்பெர்க். அவரே டாவிட்டின் கன்செர்டினோவையும் முழுதாகப் பதிவு செய்திருக்கிறார். ஆடிஷன் நடுக்கம் துளியும் இல்லாமல் அதைக் கேட்டால், 1837-ல் லைப்சிக் எதற்குக் கைதட்டியது என்று புரிகிறது: பயந்து வாசிக்க எழுதியதல்ல, பெருமை பீற்ற எழுதியது.

அமெரிக்காவில் 1992 டிசம்பர் 30 அன்று நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு அதன் முதல் டிராம்போன்காரர் ஜோசப் அலெஸி, கிறிஸ்டபர் ரவுஸின் கன்செர்டோவை அரங்கேற்றினார். இரண்டு ஆண்டுக்கு முன் இறந்துபோன லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நினைவில் எழுதியது. கேட்கவே முடியாத மெல்லொலியில், அடி ஆழத்திலிருந்து டிராம்போன் தொடங்கும். பெர்ன்ஸ்டைனின் மூன்றாம் சிம்பொனியிலிருந்து ஒரு மெட்டு கடைசிப் பகுதியில் தலைகாட்டும். 1993-ல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. டிராம்போன் கன்செர்டோ ஒன்று அப்படிப்பட்ட பரிசை வாங்கும் என்று க்வைசர் காலத்தில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ரவுஸின் கன்செர்டோவை ஆடிஷனில் வைக்க முடியாது. அதன் ஆர்க்கெஸ்ட்ராவின் கனத்தைப் பியானோவில் கொண்டுவர வழியில்லை, மெதுவாக விரியும் அதன் முதல் பகுதி இரண்டு நிமிடத்தில் எதையும் காட்டிக்கொடுக்காது. தொமாசியையோ மார்தானையோ க்ரண்டாலையோ அடுத்த சுற்றுகளில் கேட்கிறார்கள்; ஆல்டோ டிராம்போன் தேவைப்படும் இடத்துக்கு வாகன்சைல் வரலாம். அமெரிக்க ஆடிஷன்களில் தனிவாசிப்பைவிட சிம்பொனிகளிலிருந்து வெட்டியெடுத்த பகுதிகளுக்கே மதிப்பு அதிகம். அங்கே ராவேலின் 'பொலேரோ' தனிப்பகுதியும் மாலரின் மூன்றாம் சிம்பொனியும்தான் பலரைக் கவிழ்ப்பவை. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் முதல் சுற்று மட்டும் இன்னும் டாவிட்டின் கையில்தான் இருக்கிறது.